கேட்பது என்றால் இரண்டு: டோரி ஏமஸின் பியானோவும் அவருடைய ரசிகர்களும்

டோரி ஏமஸின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். "நீங்க எந்தப் பாட்டுல மாட்டினீங்க?" என்று ஆரம்பிக்கும். ஒருவர் 'விண்டர்' என்பார், இன்னொருவர் 'சைலன்ட் ஆல் தீஸ் இயர்ஸ்' என்பார். அடுத்து, அந்தப் பாட்டு தன் வாழ்க்கையில் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்ற கதை. அப்பாவோடு பேசாமல் இருந்த வருஷம், விட்டுவிட்டு வந்த ஊர், யாரிடமும் சொல்ல முடியாமல் போன ஏதோ ஒன்று. அரை மணி நேரம் கழித்து எழுந்து போகும்போது, "பியானோவும் பிரமாதம், இல்ல?" என்று ஒரு வரி.

எனக்கு இருப்பது இதற்கு நேரெதிரான வியாதி. பியானோவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கல்லூரி நாட்களில் ஒரு தோழி 'லிட்டில் எர்த்குவேக்ஸ்' சிடியை எனக்குக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, இடது கை இங்கே என்ன பண்ணுது, வலது கை அங்கே எப்படி நழுவுது என்று அளந்துகொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "பியானோவே இல்லாத பாட்டு ஒண்ணு இருக்குமே, அதைக் கேட்டியா?" நான் சொன்னேன்: "அதைத் தாண்டிட்டேன். அதுல வாசிப்பே இல்லையே." அவள் சிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "உனக்கு வாசிப்பு இருந்தாத்தான் காது திறக்கும்போல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் குறிப்பு அந்தப் பதிலுக்கான முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

யார் இவர்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1963-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் சபையின் போதகர். காதில் விழுந்ததை அப்படியே கட்டையில் தேடிப் பிடித்து வாசிக்கிற குழந்தை. ஐந்து வயதில் பால்டிமோரில் உள்ள பீபடி இசைப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அந்த வயதில் சேர்ந்தவர் அதற்கு முன் கிடையாது. பதினொரு வயதில் அங்கிருந்து வெளியே வந்துவிட்டார். தாளில் எழுதியிருப்பதைப் பார்த்து வாசிப்பதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. காதால் கேட்டு வாசிப்பதும் ராக் இசையும்தான் அவரை இழுத்தன.

பதின்மூன்று வயதில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் கூடும் ஒரு பாரில் வாசிக்க ஆரம்பித்தார். துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது அப்பா, போதகருக்கான கழுத்துப்பட்டையோடு! இந்தக் காட்சியை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் வரும், அந்த மனுஷன் மேல் ஒரு மரியாதையும் வரும்.

பாரில் பியானோ வாசிப்பவருக்கு என்ன வேலை? வந்தவர்கள் கேட்பதை வாசிக்க வேண்டும். தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல் காதின் வேலைக்கும் வாயின் வேலைக்கும் நிற்கிறது. பாட்டைக் கேட்கிறோம், பாட்டு வேண்டும் என்றும் கேட்கிறோம். டோரி ஏமஸையும் அவருடைய ரசிகர்களையும் புரிந்துகொள்ள இந்தச் சொல் எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. பின்னால் வருகிறேன்.

1988-ல் 'ஒய் கான்ட் டோரி ரீட்' என்ற பெயரில் ஒரு ராக் குழுவோடு ஆல்பம் போட்டார். தலைப்பே பீபடி நாட்களை வைத்துத் தன்னையே கிண்டல் செய்வது. சிந்தசைசரும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முன்னால் நிற்க, பியானோ எங்கோ பின்னால் ஒளிந்துகொண்டது. ஆல்பம் படுத்துவிட்டது. அடுத்ததைத் தனியாக, பியானோவை நடுவில் வைத்துச் செய்து கொடுத்தபோது, இசை நிறுவனம் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. பியானோவை எடுத்துவிட்டுக் கிட்டார் போடச் சொன்னார்கள் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் எடுக்கவில்லை. லண்டனுக்குப் போனார். 1992 ஜனவரியில் 'லிட்டில் எர்த்குவேக்ஸ்' வெளிவந்தது.

அமெரிக்க ராக் உலகத்தில் அது கிட்டார் இரைச்சல் உச்சத்தில் இருந்த நேரம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். நிர்வானாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே 1992-ல் டோரி அந்தப் பாட்டையே பியானோவும் குரலும் மட்டுமாக, மெதுவாக வாசித்துப் பாடி வெளியிட்டார். கூட்டமாகக் கத்தினால் தெரியாத ஒரு சோர்வு, தனியாக மெல்லப் பாடும்போது அதில் தெரிய வந்தது. மூலத்தைக் கெடுத்துவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு இது அந்தப் பாட்டின் மேல் எழுதப்பட்ட ஒரு நல்ல விமர்சனம்.

பியானோ அங்கே என்ன செய்கிறது

"பியானோவும் பிரமாதம்" என்ற வரி ஏன் எனக்கு நெருடுகிறது என்றால், அந்த 'உம்' இருக்கிறதே, அது பியானோவைப் பக்கவாத்தியமாக்கிவிடுகிறது. இவருடைய நல்ல பாட்டுகளில் பியானோ இன்னொரு ஆள். பாடுகிறவர் சொல்லத் தயங்குவதை முந்திக்கொண்டு சொல்லும். சில சமயம் பாடுகிறவரோடு ஒத்துப்போகாமலும் நிற்கும்.

'சைலன்ட் ஆல் தீஸ் இயர்ஸ்' எடுத்துக்கொள்வோம். இத்தனை வருஷம் பேசாமலேயே இருந்துவிட்ட ஒருத்தியின் பாட்டு. குரல் வருவதற்கு முன்பே பியானோ ஆரம்பித்துவிடுகிறது. அடுத்தடுத்த கட்டைகளில் தத்தித் தத்தி, ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றி வருகிற சின்னச் சொற்கட்டு அது. பேச வாயெடுத்து, வேண்டாம் என்று நிறுத்தி, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். வரிகளைப் படித்தால் தெரிவது, அவள் பேசாமல் இருந்தாள் என்ற செய்தி. பேசாமல் இருப்பது உடம்புக்குள் எப்படி இருக்கும் என்பது அந்த விரல்களில்தான் இருக்கிறது.

'பிரெஷஸ் திங்ஸ்' அப்படியே வேறு. வேகமாக, ஒரே அச்சில் சுழலும் வாசிப்பு, கூடவே மூச்சுச் சத்தம். பள்ளி வயதின் அவமானங்களைப் பற்றிய பாட்டு. அங்கே பியானோ தாள வாத்தியமாகிவிடுகிறது. பியானோவுக்குள் சுத்தியல்கள் இருக்கின்றன, அவை கம்பியை அடிக்கின்றன என்ற எளிய உண்மையை இந்தப் பாட்டு நினைவுபடுத்தும். 'விண்டர்' பாட்டில் அதே பியானோ பனி விழுவதுபோல் அமைதியாக நடந்துபோகும், தந்திக் கருவிகள் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும். அப்பாவும் மகளும் பற்றிய பாட்டு. மேலே சொன்ன போதகர் அப்பாவைத் தெரிந்துகொண்ட பிறகு இதைக் கேட்டால் இன்னும் ஒரு படி கூடுதலாக இறங்கும்.

1994-ல் வந்த 'அண்டர் த பிங்க்' ஆல்பத்தில் 'பெல்ஸ் ஃபார் ஹெர்' என்று ஒரு பாட்டு. ஒரு பழைய நிமிர்வுப் பியானோவின் உள்ளே கைவைத்து, அதன் நாதத்தையே மாற்றி வாசித்தது. தூரத்துக் கோயில் மணி துருப்பிடித்து ஒலிப்பதுபோல் இருக்கும். முறிந்துபோன ஒரு சிநேகிதம் பற்றிய பாட்டுக்கு நல்ல பியானோ ஒத்துவராது என்று முடிவு செய்த காது அது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1996-ல் வந்த 'பாய்ஸ் ஃபார் பெலே'. இதன் பெரும்பகுதியை அயர்லாந்தின் விக்லோ பகுதியில் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்தார். இதில் பல பாட்டுகளில் பியானோவை விட்டுவிட்டு ஹார்ப்சிகார்டை எடுத்துக்கொண்டார். ஹார்ப்சிகார்டில் சுத்தியல் கிடையாது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன நகம் கம்பியைச் சுண்டிவிடும், அவ்வளவுதான். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஆல்பம் முழுக்கக் கோபம். 'பிளட் ரோசஸ்' பாட்டில் குரல் வெடிக்கிறது. ஆனால் கை எவ்வளவு அடித்தாலும் வாத்தியம் சத்தத்தைக் கூட்டித் தராது. அதனால் கோபம் வேகத்திலும் நெருக்கத்திலும் போய்ச் சேருகிறது. கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும் மிருகம் மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டு எதைப் பற்றியது என்று வரிகளைப் பார்த்துப் புரியாமல் விழித்த எனக்கு, அந்தக் கருவியின் இயலாமைதான் அதைச் சொல்லிக்கொடுத்தது.

ஒரு வேடிக்கை: இதே ஆல்பத்தின் 'புரொஃபெஷனல் விடோ' பாட்டை ஒரு டிஜே எடுத்து, ஹார்ப்சிகார்டையும் பெரும்பாலான வரிகளையும் கழற்றி எறிந்துவிட்டு, குரலின் இரண்டு மூன்று துணுக்குகளை மட்டும் வைத்து நடன இசையாக மாற்றினார். அது 1997-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிரிட்டனில் அவர் பெயரில் முதலிடம் போன ஒரே பாட்டில் அவர் வாசிப்பு இல்லை.

பியானோ இல்லாத பாட்டு

இனி என் தோழி சொன்ன பாட்டு. 'மீ அண்ட் எ கன்'. டோரி இருபதுகளின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலிஸில், ஒரு இரவு நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது அவருக்கு நடந்த பாலியல் வன்முறையிலிருந்து வந்தது. நடந்து பல வருஷங்கள் அவர் இதைப் பற்றிப் பாடவில்லை. பாடியபோது, எந்த வாத்தியமும் இல்லாமல், குரலை மட்டும் வைத்துப் பாடினார். மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. குறுகிய சுரங்களுக்குள், ஏறக்குறைய ஒப்பிப்பதுபோல் போகும். அந்த நேரத்தில் மனம் சம்பந்தமே இல்லாத சின்னச் சின்ன விஷயங்களைப் பிடித்துக்கொள்வதைச் சொல்கிற வரிகள்.

ஆல்பத்தில் இருப்பது பன்னிரண்டு பாட்டுகள். இது பதினொன்றாவது. இதற்கு முன் பத்துப் பாட்டுகள் பியானோவோடு வாழ்ந்துவிட்டு இங்கே வந்து சேருகிறோம். தயங்கியபோது விரலால் தட்டியது, அவமானப்பட்டபோது அடித்தது, அப்பாவை நினைத்தபோது கூட நடந்தது, எல்லாம் அந்தப் பியானோதான். பதினொன்றாவது பாட்டில் அது இல்லை. கூட யாருமில்லை. பாட்டு சொல்கிற நிலையும் அதுதானே?

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. "அதுல வாசிப்பே இல்லையே" என்று நான் சொன்னது, தகவலாகப் பார்த்தால் சரி. ஆனால் இல்லாததைக் கேட்கத் தெரியாத காதின் பேச்சு அது. என் தோழியிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மௌனம் அப்படி அறைவதற்குக் காரணம், முன்னால் இருந்த பத்துப் பாட்டுகளின் பியானோ. அதைக் கவனிக்காமல் வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கு இது இன்னுமொரு சோகப் பாட்டாகப் போய்விடவும் கூடும். ஆனால், அவளுக்கு அந்தப் பாட்டு என்னவாக இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. பியானோ பற்றிப் பேசுவது வேறு எதையும் கேட்காமல் இருக்க எனக்கு ஒரு வசதியாக இருந்திருக்கிறது.

கேட்டு வாங்குகிறவர்கள்

இப்போது முதலில் சொன்ன 'கேட்பது'. டோரியின் கச்சேரிகளில் பாட்டு வரிசை ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும். நிகழ்ச்சிக்கு முன் அரங்கத்தின் பின்வாசலில் ரசிகர்கள் காத்திருப்பார்கள். அவர் வந்து நிற்பார். கையில் கடிதம் கொடுப்பார்கள், இன்றைக்கு இந்தப் பாட்டு வேண்டும் என்பார்கள், ஏன் வேண்டும் என்பதையும் சொல்வார்கள். அதில் ஒன்றிரண்டு அன்றைய வரிசையில் ஏறும். 2005-ன் தனிக்கச்சேரிப் பயணத்தில் மற்றவர்கள் பாட்டுகளை ரசிகர்கள் கேட்டு வாசிக்க 'பியானோ பார்' என்றே ஒரு பகுதி வைத்திருந்தார். ஜார்ஜ்டவுனில் பதின்மூன்று வயதில் கற்ற தொழில் அது. அவர் அதை விடவே இல்லை.

இதனால் என்ன ஆயிற்று என்றால், ரசிகர்களின் காது மாறியது. ஒரே பாட்டை இந்த ஊரில் எப்படி வாசித்தார், அந்த ஊரில் எப்படி வாசித்தார் என்று ஒப்பிட்டுப் பேசுகிற கூட்டம் உருவாயிற்று. முன்னால் ஒரு பியானோ, பின்னால் ஒரு கீபோர்ட், நடுவில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையை இதிலும் ஒரு கையை அதிலும் வைத்து அவர் வாசிப்பதைப் பற்றிப் பேசினார்கள். (அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பல, அவர் உட்கார்ந்த விதத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு வாசித்ததைப் பற்றி எழுதவில்லை.) அவருடைய பூசென்டார்ஃபர் பியானோவைப் பற்றிப் பேசினார்கள். வழக்கமான பியானோவில் 88 கட்டைகள், அந்த நிறுவனத்தின் 'இம்பீரியல்' வகையில் 97. கூடுதலான ஒன்பதும் கீழ் சுருதியில். அவற்றைத் தொடாவிட்டாலும் அந்தக் கம்பிகள் கூடவே அதிர்ந்து நாதத்தைத் தடிப்பாக்கும். இதெல்லாம் இசைக் கல்லூரியில் படிக்காத சாதாரண ரசிகர்கள் பேசியது.

நம் ஊர் சபாக்களில் "அன்னிக்குப் பாடின தோடி மாதிரி வராதுய்யா" என்று சொல்கிற மாமாக்களை எனக்குத் தெரியும். அதே ஆள், அதே பாட்டு, புதுச் சங்கதி. அந்த ரசனைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது இது. 2005-ல் ஆறு கச்சேரிகளை முழுமையாக வெளியிட்டார், 2007 பயணத்திலிருந்து 27 கச்சேரிகளை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப யார் வாங்குவார்கள் என்று வெளியாள் கேட்பார். அது ஒரே பாட்டு இல்லை என்று தெரிந்தவர்கள் வாங்குவார்கள்.

ஆனால் கேட்டு வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. 'மீ அண்ட் எ கன்' பாட்டைத் தொடக்கக் காலத்தில் அவர் இரவுக்கு இரவு பாடினார். தங்களுக்கும் இதுவே நடந்தது என்று பின்வாசலில் வந்து சொன்னவர்கள் ஏராளம். 1994-ல் அமெரிக்காவில் ரெயின் என்ற உதவி அமைப்பும் அதன் தொலைபேசிச் சேவையும் தொடங்கியபோது அவர் முன்னால் நின்றார். பாட்டு பாட்டாக மட்டும் நிற்காமல், கேட்டவர்களை ஒரு உதவி எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னாளில் அந்தப் பாட்டை மிக அரிதாகவே பாடினார். தன் வாழ்க்கையின் மிக மோசமான இரவை, டிக்கெட் வாங்கியவர் கேட்டார் என்பதற்காக ஒருவர் எத்தனை முறை திரும்பப் போய்ப் பார்க்க முடியும்? 'என் கதையைப் பாடுகிறார்' என்று நெகிழும் ரசிகர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அது அவருடைய கதையும்தான்.

குறையும் சொல்லிவிடுகிறேன்

ரசிகர் கூட்டத்தில் இதைச் சொன்னால் அடி விழும். 2002-ல் வந்த ஆல்பத்தில் 18 பாட்டு, 2005-ல் 19, 2007-ல் 23. இவ்வளவு தேவையா? 'ஸ்கார்லெட்ஸ் வாக்'கிலாவது ஒரு பயணத்தின் இழை இருந்தது. அடுத்த இரண்டிலும் நல்ல பாட்டுகள் கூட்டத்தில் தொலைந்துபோகின்றன. பியானோ மறுபடியும் டிரம்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது, 1988-ல் நின்றதுபோல. இந்தமுறை யாரும் எடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

அதனால்தான் 2011-ன் 'நைட் ஆஃப் ஹன்டர்ஸ்' எனக்கு முக்கியம். டாய்ச் கிராமஃபோன் என்ற பழம்பெரும் மேற்கத்திய சாஸ்திரிய இசை நிறுவனத்துக்காக, ஷூபர்ட், சோப்பின், சாட்டி போன்றவர்களின் கிருதிகளை அடிப்படையாக வைத்துச் செய்தது. டிரம்ஸ் இல்லை. பியானோவும் தந்திகளும் காற்றுக் கருவிகளும் மட்டும். தாளைப் பார்த்து வாசிக்க மாட்டேன் என்று வெளியேறிய சிறுமி, நாற்பதுகளின் முடிவில் அதே தாள்களைத் தன் காதின் வழியாக மறுபடி படித்துப் பார்க்கிறாள். எல்லாப் பாட்டும் தேறவில்லை. ஆனால் முழுக்கக் கேட்கலாம்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு

'லிட்டில் எர்த்குவேக்ஸ்' ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள், பதினொன்றாவது பாட்டுக்கு முன்னால் பத்துப் பாட்டுகளும் வேண்டும். பிறகு 'பெல்ஸ் ஃபார் ஹெர்', அதற்கப்புறம் 'பிளட் ரோசஸ்'. பிடித்தால் ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த பாட்டில் இடது கை என்ன மாற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

அந்தத் தோழியோடு இப்போது தொடர்பில் இல்லை. என்றைக்காவது பார்த்தால், பியானோ பற்றி ஆரம்பிக்க மாட்டேன். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டேன் என்று சொல்வேன். அவள் சொல்ல ஏதாவது இருந்தால் கேட்பேன். இல்லாவிட்டால் அதுவும் சரி.